வெள்ளைக்காரருக்கு என்ன முறை?

திருவிழாவின் கடைசி நாள். சிலமலை ஊரே மஞ்சத்தண்ணியில் ஊறிக்கொண்டிருக்க, கோயில் வாசலில் ஒரே ஓர் ஆள் மட்டும் சொட்டுக்கூட நனையாமல் நின்றான். டென்மார்க்கிலிருந்து கிணறு வெட்டித்தர வந்த தொண்டன் ஹென்ரிக்.

விழாக் கமிட்டித் தலைவர் அழகுமலைக்கு அவமானமாகிவிட்டது. வெள்ளைக்காரருக்குத் திருவிழாவை ஒன்று விடாமல் காட்டப்போவதாகப் போடி ஏலக்காய் வியாபாரிகளிடமெல்லாம் மார்தட்டியிருந்தார்.

“ஏன், ஒருத்தியும் அவரு மேல ஊத்தல?”

“மாமன், மச்சான், கொழுந்தன்னா ஊத்தலாம். இவரு யாருக்கு என்ன முறை?” என்றாள் ஒருத்தி.

அழகுமலையிடம் முறைக்கா பஞ்சம்? மைக்கைப் பிடித்தார்.

“இன்னையிலருந்து இவரு என் கூடப்பொறந்த தம்பி!”

கைதட்டல் அடங்குமுன் அவர் மனைவி வீரலட்சுமி முந்தானையைச் செருகிக்கொண்டு குடத்தோடு வந்தாள். “அப்ப எனக்குக் கொழுந்தன். மொதக் கொடம் என்னுது!”

கல்யாணமான நாளிலிருந்து புருஷன் மேல் ஒரு சொம்பு ஊற்றியதில்லை அவள்.

“நில்லுடி! என் தம்பியில்ல, உன் தம்பி. எனக்கு மச்சினன்!”

“அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும்...” என்றான் ஹென்ரிக்.

“சும்மா இருங்க தம்பி... ச்சே, மாப்ளே!”

இப்போது மகள் அன்னக்கொடி குடத்தைத் தூக்கினாள். “ஆத்தாளுக்குத் தம்பின்னா எனக்குத் தாய்மாமன். கட்டிக்கிற முறைப்பா!”

கூட்டம் விசிலடித்தது. அழகுமலைக்கு வேர்த்துக் கொட்டியது.

“இவரு என் மகன்! பெத்த மகன்! அம்மன் சாட்சியாச் சொல்றேன், இனி மாத்துனா நான் அழகுமலை இல்ல!”

தாயும் ‘தங்கச்சி’யும் குடங்களை இறக்கினார்கள். அழகுமலை மீசையைத் தடவிக்கொண்டார். மானம் தப்பியதோடு, வெள்ளையாய் ஒரு வாரிசும் மிச்சம்.

அந்நேரம் போடிமெட்டிலிருந்து ஜீப்பு வந்து நின்றது. அவருடைய ஏலக்காய் லோடு அடிக்கும் டிரைவர் பால்சாமி இறங்கினான். பின்னாலிருந்து குதித்த ஒரு பெண் நேராக வந்து, வீரலட்சுமி வைத்த குடத்தைத் தூக்கி ஹென்ரிக்கின் தலையில் கவிழ்த்தாள். அவன் சிரித்தபடி குனிந்து கொடுத்தான்.

“ஏய்! என்ன முறையில என் மகன் மேல ஊத்துற?”

நேற்றுவரை ‘மொதலாளி’ என்று கைகட்டி நின்ற பால்சாமி, தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டான்.

“எந்தங்கச்சி மருதாயி. மேல எஸ்டேட்டுக் கோயில்ல அவரு தாலி கட்டி மூணு மாசமாச்சு. வெரசா மருமகளுக்கு ஆரத்தி எடுக்கச் சொல்லுங்க, மாமா.”