கம்பிக்கூண்டுப் படலம்

வாழ்க, விசில்வேந்தன் வாழ்க! ஒரே ஊதலில் முந்நூறு பிள்ளைகளைச் சிலையாக்கும் பேராற்றலன், வெயில்தோய் தொப்பியன், சுருக்கமறியா வெண்காற்சட்டையன், ஐந்தாம் வகுப்பின் உடற்பயிற்சி ஆசான், மரம்நடு பெருவிழாவில் ஒரு கொய்யாக் கன்றின் பொருட்டுப் புரிந்த போரினைப் பாடப் புகுந்தோம். மண்மகளே, சிரித்துவிடாமல் துணைநிற்பாயாக!

விழாவுக்கு முந்தினநாள் ஒத்திகை. முதல் விசிலுக்குக் கன்று குழியில் இறங்கும். இரண்டாம் விசிலுக்கு இருபாதியாய் நிற்கும் இரும்புக்கூண்டு வந்திணைந்து கன்றைச் சூழ, நான்கிடத்தும் கட்டுக்கம்பி முறுக்கப்படும். மூன்றாம் விசிலுக்கு முப்பத்துநான்கு குவளை நீர் பாயும். விசிலுக்கும் விசிலுக்கும் இடையே பத்து எண்ணும் நேரம். ஒன்பதுமுறை நடத்திய ஆசான் திசையதிர முழங்கினார்: "நடுவுல யார் கத்தினாலும் நிறுத்தக் கூடாது. நானே கத்தினாலும் நிறுத்தக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்து தொலைத்தது.

விழாக்காலை, முதல் விசிலுக்குக் குழிபுகுந்த கன்று ஒருபக்கம் சாய்ந்து நின்றது. அடடா, கோணல் பொறுக்குமா கொற்றவன் நெஞ்சம்? மண்படாதிருக்க விசிலை வகுப்புத் தலைவியிடம் ஒப்படைத்து, குழியோரம் குந்தி, கன்றை நிமிர்த்தலானார். எண்ணிக்கை பிசகாத தலைவியோ பத்து எண்ணினாள், ஊதினாள். இடப்பாதி இடமும் வலப்பாதி வலமுமாய்ப் பாய்ந்துவந்த கூண்டு படாரென மூட, எண்கரங்கள் கம்பியை முறுக்கின.

"டேய், நான் உள்ள இருக்கேன்டா!"

"சார் கத்துறாரு, நிறுத்தாதீங்க!" என்று ஆணையிட்டாள் தலைவி.

முறுக்கவிழ்க்கும் குறடோ காவலாளியிடம், காவலாளியோ டீக்கடையில். மார்பளவு கூண்டுதானே, ஏறிக் குதிப்போம் என்று எழுந்து வலக்காலைத் தூக்கினார் வீரர். அந்தோ! இடக்கால் நகர, கன்றின் தண்டு வில்லாய் வளைந்தது. எட்டுமாதம் தன் வீட்டுச் சன்னலோரம், பழைய எண்ணெய் டப்பாவில், விதையிலிருந்து அதை வளர்த்துக் கொண்டுவந்தவள் அத்தலைவியே. அதுவரை அதட்டிய குரல் உடைந்தது: "சார்... ஒடிஞ்சிரும் சார்!"

வானோரே, அக்கணத்தைக் காண்பீராக! ஒருபுறம் ஒன்பதாண்டு காத்த மானம். மறுபுறம் ஏழே இலை. பள்ளிச் சன்னலில் மற்ற ஆசிரியர்கள் கூடிவிட்டனர்; தமிழ் ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். உடற்பயிற்சி ஆசானோ தூக்கிய காலை மெல்ல, மிக மெல்ல, இருந்த இடத்திலேயே வைத்தார். கன்றை இரு முழங்கால்களுக்கிடையே அணைத்தார். தொப்பியைக் கழற்றி, இறுதிப் பிரகடனம் செய்தார்:

"நான் அசையல. அழாதம்மா. ஊது."

ஊதினாள். பாய்ந்தது புனல்! குறிபார்த்து ஊற்றியவர் நால்வர், குறிதவறியவர் முப்பதின்மர். வெண்காற்சட்டை சேற்றுநிறம் பூண, மீசைநுனி சொட்ட, தும்மலையும் விழுங்கிக்கொண்டு, வேரூன்றிய பெருமரமென நின்றார் எம் தலைவர். கொய்யா ஓரிலையும் இழந்திலது.

மறுநாள் சாருக்கு ஜலதோஷம் என்பதால் விளையாட்டுப் பீரியடில் கணக்கு டீச்சர் வந்தார்.