பொட்டு வைத்த துப்பாக்கி

கேரண்டி அண்ணன் அடித்துச் சொன்ன எதுவும் நடந்ததாகப் பிரிக்பீல்ட்ஸ் சரித்திரத்திலேயே இல்லை. காற்றாடி ரிப்பேர் பார்ப்பவர். "பத்து வருஷம் ஓடும், கேரண்டிலா!" என்பார். வீடு போய்ச் சேர்ந்து சுவிட்சைத் தட்டினால் கிர்ரென்று நின்றுவிடும். ஆனாலும் அவர் பேச்சைக் கேட்பதற்காகவே நல்லா ஓடுகிற காற்றாடியைக்கூடத் தூக்கிக்கொண்டு போவோம்.

அவர் கொடுத்த கேரண்டிகளிலேயே பெரியது அவருடைய தாத்தா. ஜெஞ்சாரோம் பக்கம் ரப்பர் தோட்டத்துக் காவலாளியாம், ஒரே குண்டில் புலியைச் சாய்த்தவராம். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் புலி ஒரு முழம் வளரும்.

போன வருடம் அண்ணனின் அப்பா தவறிவிட்டார். காரியம் முடிந்து கிள்ளானில் அவர் இருந்த வீட்டை ஒழிக்கும்போது, சாமி அலமாரிக்குப் பின்னால் மஞ்சள் துணியில் சுற்றிய நீளமான ஒன்று கிடைத்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். துப்பாக்கி! ஒரு குண்டு சுட்டதும் மறுகுண்டு போட வேண்டிய பழைய ரகம்.

"அண்ணே, லைசென்ஸ் இல்ல. உள்ள தள்ளிடுவாங்க. மொதல்ல போலிசுக்குப் போன் போடுங்க!"

"போடறேன்லா. அவங்க கொண்டு போயிட்டா தாத்தாவுக்கு அப்புறம் என்ன சாட்சி? இது என்ன துப்பாக்கின்னு மட்டும் கேட்டுக்கறேன், இரு."

இணையத்தில் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் குழு ஒன்றுக்குப் படம் அனுப்பினார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் உடனே பதறிப் பதில் போட்டார். இவ்வளவு மோசமான துருவை அவர் ஆயுளில் பார்த்ததில்லையாம்.

"துருவா? அட மடையா, அது குங்குமம்!" என்று அண்ணன் போனைத் திட்டினார்.

அவருடைய அப்பா வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனமும் குங்குமமும் இரும்பை மூடியிருந்தன. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தோம். வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கிரீட முத்திரை தெரிந்ததும் அண்ணன் குதித்தார். குழாயின் அடியில், குண்டு உட்காரும் இடத்தில், பெரிய பொட்டு ஒன்று. அதைச் சுரண்டினால் ஓட்டை. அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தது.

அந்தப் படத்தையும் அனுப்பினோம். அணிவகுப்புப் பழகுவதற்காகச் சிப்பாய்களுக்குக் கொடுத்த துப்பாக்கி, சுடவே கூடாதென்று பட்டாளத்திலேயே துளைத்துவிட்டார்கள், பிறகுதான் தோட்டத்துக்கு வந்திருக்கும் என்று பதில் வந்தது.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பிறகு தாமாகவே எழுந்து போலிசுக்குப் போன் போட்டார்.

வந்த சார்ஜன்ட் நம் ஆள்தான், தமிழர். "யாரோடது இது அங்கிள்?" என்றார்.

"என் தாத்தாவோடது சார். புலியெல்லாம் சுடல. இது சுடாதுன்னு தெரிஞ்சிக்கிட்டே ராப்பூரா ஒத்த ஆளா தோட்டத்தக் காத்திருக்காரு. அதுக்கு எவ்ளோ தைரியம் வேணும், நீங்களே சொல்லுங்க!"

சார்ஜன்ட் துப்பாக்கியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். எனக்கோ, அண்ணனை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.