நூற்றிப்பத்து ஓம்

மலைநாட்டில் நான் குப்பை கொட்டிய இத்தனை வருசத்தில், ஓம் சாமியைப் போல என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட ஆள் வேறு யாரும் கிடையாது. இரண்டு துரைமாரையும், ஹட்டன் பஸ் கண்டக்டரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெயரைக் கேட்டுச் சாமியார் என்று நினைத்துவிடாதீர்கள். டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலை ஃபேக்டரிக்குக் கரண்ட் வேலை பார்த்தவர். நான் அங்கே ஆபீஸ் கிளாக்கர். கரண்ட் ஓடுகிற பாதையில் எவ்வளவு தடை என்று அளக்கிற அளவுக்கு 'ஓம்' என்று பெயராம். இவர் இஸ்திரிப் பெட்டியைக் கண்டாலும் "எத்தன ஓம்?" என்பார். கொழுந்தெடுக்கிற பெண்கள் மந்திரம் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மனுசன் ஒரு நாளாவது "இது அந்த ஓம் இல்லம்மா" என்று சொன்னாரா? கூசாமல் கும்பிடு வாங்கிக்கொண்டே போனார்!

ஒரு நாள் ஆபீசில் பல்பு போய்விட்டது. மாட்டச் சொன்னேன்.

"வோல்ட் எவ்வளவுங்க ஐயா?"

"எனக்கெப்படிய்யா தெரியும்? இருட்டா இருக்கு, மாட்டும்!"

"இருநூத்தி இருவதுங்க. எத்தன அம்பியர் ஓடுதுன்னு பாத்து, வோல்ட்ட அதால வகுத்தா ஓம். ரெண்டையும் பெருக்குனா வாட். இத பாக்காம பல்பு மாட்டுறது, பொண்ணு பாக்காம கலியாணம் கட்டுற மாதிரிங்க."

பல்பு எரிவதற்குள் எனக்கு மத்தியானச் சாப்பாடே வந்துவிட்டது.

கணக்குப் போட அவருக்குக் காகிதம் ஆகாது. தேயிலைப் பெட்டியில் சாக்கட்டியால் எழுதுவார். ஒரு தடவை பெட்டி அப்படியே கொழும்புக்குப் போய், 'அறுபது வாட்' என்பது என்ன ரகத் தேயிலை என்று கேட்டுக் கடுதாசி வந்தது. பதில் எழுதியது யார்? நான்! துரையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது யார்? அதுவும் நான்தான்!

இதையெல்லாம்கூட விட்டுத் தொலைக்கலாம். ராக்கம்மா விசயத்தை மட்டும் என்னால் விட முடியாது.

கொழுந்துக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற புள்ளைக் காம்பராவுக்கு ராக்கம்மாதான் ஆயா. எங்கள் தோட்டத்து டைனமோ ஆற்றுத் தண்ணீரில் ஓடியது. அந்தக் கரண்ட் ஃபேக்டரியிலிருந்து துரை பங்களாவுக்கு, ஆட்கள் குடியிருக்கிற லயத்துக் கூரைக்கு மேலே கம்பியில் போகும்; லயத்துக்குள்ளே ஒரு பல்பு எரியாது. என்ன அநியாயம் பாருங்கள்! புள்ளைக் காம்பராவில் மட்டும், முன்னே இருந்த துரையின் மனைவி, தொரசாணி, மனமிரங்கிக் கொடுத்த ஒரு கரண்ட் அடுப்பு இருந்தது. ராக்கம்மா அதில் குழந்தைகளுக்குப் பால் காய்ச்சுவாள்.

அந்த வாரம் தினமும் காலையில் ஃபேக்டரியில் ஃபியூஸ் போனது. மெஷின் நின்று, கொழுந்து வீணானது. ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஒரே போடாகப் போட்டார்: "எல்லாம் அந்த ஆயா அடுப்பால வந்த வெனைங்க!" புதுத் துரை விசாரிக்கவே இல்லை. மறுநாள் காலை, ஆட்கள் வேலைக்குக் கூடுகிற பெரட்டில், எல்லார் முன்னாலும் ராக்கம்மாவுக்குப் பத்துச்சீட்டு கொடுக்கச் சொல்லிவிட்டார். பத்துச்சீட்டு கைக்கு வந்தால் வேலையும் போச்சு, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போச்சு. அதை டைப் அடித்தவன் நான். வெட்கக்கேடு!

பெரட்டில் நான் சீட்டை நீட்டப் போகிற நேரம், ஓம் சாமி இரண்டு மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"தொரைகளே, அளந்துட்டேனுங்க! ஆயா அடுப்பு நூத்திப்பத்து ஓம். பங்களாவுல புதுசா வச்ச சுடுதண்ணி பாய்லர் பதினோரு ஓம்!"

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டீமேக்கர் துள்ளிக் குதித்தார். "கேட்டீங்களா! ஆயா நூத்திப்பத்து, பங்களா வெறும் பதினொண்ணு!"

ராக்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி சாமி! உன்னையப் போயி கும்புட்டேனே!"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மீட்டரைப் பிடுங்கி ஆற்றில் வீசியிருப்பேன்.

"ஐயோ, ஓமுன்னா தடைங்க!" என்று அவர் கத்தினார். "தடை கூடுனா கரண்ட் கொறையும். குறுகலான வாசல்ல எத்தன பேரு நொழைய முடியும்? ஆயா அடுப்புல ஓடுறது ரெண்டே அம்பியர். இருநூத்தி இருவதால பெருக்குங்க, நானூத்தி நாப்பது வாட். பாய்லர்ல இருவது அம்பியர். நாலாயிரத்தி நானூறு வாட்! பத்து அடுப்புக்குச் சமமுங்க! ஃபியூஸ எரிக்கிறது புள்ளைங்க குடிக்கிற பால் இல்ல, தொரை குளிக்கிற தண்ணி!"

துரையின் முகம் சிவந்தது. என் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிக் கிழித்தார். ராக்கம்மா தப்பித்தாள். மறுநாளிலிருந்து காலையில் பாய்லர் போடவில்லை, ஃபியூஸும் போகவில்லை.

அடுத்த வாரமே ஓம் சாமிக்குப் பத்துச்சீட்டு. அடக்கமில்லாதவராம்! அதையும் என்னைத்தான் டைப் அடிக்க வைத்தார்கள். நானுஓயா ஸ்டேசனுக்குப் போகிற லாரியில் அவர் ஏறும்போது ஓடிப்போய்ச் சண்டை பிடித்தேன்.

"அறிவிருக்காய்யா உமக்கு? ஆபீசுக்குள்ள வந்து மெதுவா சொல்லியிருந்தா வேலையாவது மிஞ்சியிருக்குமே! அத்தன பேரு முன்னாடியா சொல்றது?"

"அத்தன பேரு முன்னாடிதானே ஐயா அந்த ஆயாவ குத்தவாளின்னாங்க," என்றார்.

ஆத்திரம் தாங்காமல், லாரி வளைவு திரும்பி மறைகிறவரை கையாட்டிக்கொண்டே நின்றேன்.