மாஜி சேர்மனின் படித்துறை

மனிதர்களில் மாஜி என்று ஓர் இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம், "நான் இருந்த காலத்திலே..." என்று எங்கே ஒரு குரல் கேட்கிறதோ, அங்கே நின்றால் போதும். உத்தியோகம் அவரை விட்டிருக்கும். அவர்தான் அதை விடமாட்டார்.

உதாரணத்துக்கு நம் திருஞானசம்பந்தம் பிள்ளை. சீவலப்பேரிப் பக்கத்து யூனியன் ஒன்றுக்குச் சேர்மனாக இருந்து, 1911-ல் மாஜியானவர். ஆனாலும் விடிந்ததும் அல்பாகா கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாகத் தெருவிளக்குகளைப் பார்வையிடப் புறப்பட்டுவிடுவார், சாக்கடையைக் கண்டால் நின்று முகம் சுளிப்பார், எதிரே மாட்டு வண்டி வந்தால் வண்டிக்காரன் இறங்கிக் கும்பிடும்வரை நடுரோட்டை விட்டு நகரமாட்டார், யாராவது பழக்கதோஷத்தில் "சேர்மன்வாள்" என்று கூப்பிட்டுவிட்டால் அன்று இரண்டு கரண்டி சோறு கூடுதலாக இறங்கும். கூப்பிடாத நாளில்? மனைவி வைத்த குழம்பில் உப்பில்லை.

வரவர அந்தக் குழம்பு உப்பில்லாமலே இருந்தது. மனிதர் உண்மையிலேயே வாடிப்போனார். பாளையங்கோட்டை மிஷன் பள்ளி வாத்தியார் கிருபைராஜ்தான் ஆறுதல் சொன்னார்.

"அண்ணாச்சி, அமெரிக்காவுல ஒருத்தர் ஒருதரம் மாகாண கவர்னரா இருந்துட்டா, பதவி போனாலும் சாகுத மட்டும் கவர்னர்னுதான் கூப்பிடுதாகளாம்."

"அது தேசம் வே! இங்கன மறுநாளே ஒரு பய கும்பிட மாட்டேங்கான்."

அந்தச் சமயத்தில்தான் ஆற்றில் புதுப் படித்துறை திறக்க நாள் குறித்தார்கள். பிள்ளை தொடங்கிய வேலை. திறப்பவரோ புது சேர்மன் முகம்மது மைதீன் ராவுத்தர். சபையில் ஒரே ஒரு தடவை தம்மைச் சேர்மன் என்று சொல்லிவிட்டால் போதும், பிள்ளைக்கு வேறு ஆசையில்லை. பங்குனி வெயிலில் முதல் ஆளாகப் போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். ராவுத்தர் நல்ல மனிதர். அது தமக்குப் போட்டது என்று காட்டிக்கொள்ளாமல் அடுத்த நாற்காலிக்குப் போனார். மேளம் முழங்கிற்று. மாலை வந்து, பிள்ளையைத் தாண்டிப் போயிற்று. கொத்தனாரைக்கூடப் புகழ்ந்தார்கள். பிள்ளையின் பெயர் வரவேயில்லை.

பெண்கள் குடத்தோடு இறங்கினார்கள். கடைசிப் படியில் நின்றுவிட்டார்கள். கீழே ஆளுயரப் பள்ளம், அதற்கும் அப்பால் தாமிரபரணி! ஐப்பசி முழுக்குக்கு வந்த பிள்ளை, கரைபுரண்ட வெள்ளத்தைப் பார்த்துவிட்டு, ஈரவேட்டியோடு அந்த மட்டத்துக்கே அளவு போடச் சொன்ன படித்துறை அது. ஒருதரம் கையெழுத்தான அளவை மாற்ற அப்புறம் யாருக்குத் துணிவு வரும்?

பாக்கியவதி என்பவள் குடத்தை நங்கென்று வைத்தாள். "எந்தச் சேர்மன் கெட்டுனது இது? இங்கனருந்து தண்ணி கோர வாளியும் கயிறும்லா வேணும்! ஏ சேர்மன், எங்க இருக்கீரு?"

ராவுத்தர் பிள்ளையின் காதருகே குனிந்தார். "உம்ம காலத்து அளவுதான் வே. ஆனா நீரு பேசாம இரும், நான் சமாளிச்சுக்கிடுதேன்."

பிள்ளை இருப்பாரா? அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நான்தான் சேர்மன்!"

அப்புறம் கேட்கவேண்டுமா? "சேர்மனுக்குக் கண்ணு இல்லையா?" "என்ன சேர்மன்வே நீரு?" ஊரே வந்து சேர்மன், சேர்மன் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு வைதது. பிள்ளை முகம் மலர ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார். கூட்டம் ஓய்ந்து கலைந்தபோது அவருக்குத்தான் கிளம்ப மனசில்லை.

"இன்னும் யாருக்காவது குறை இருக்காவே?" என்றார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன முகூர்த்தத்தில் பந்தியில் உட்கார்ந்து, எப்போதோ வாசகசாலைக்குக் காரியதரிசியாக இருந்த கதையை, பாயசம் பரிமாற வந்தவரை நிறுத்திவைத்துச் சொன்னது யார்? பாவம், அவர் வாளியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்ததைக்கூட நீங்கள் கவனிக்கவில்லை.