ஆறிய கோப்பைகளின் அரசு

ரிமாலியா என்றொரு பாலைவன நாடு இருந்தது. நாடாவதற்கு முன்பு அங்கே மணலும் சில கிணறுகளும் ஒரு வழக்கமும் இருந்தன. கோரிக்கையோடு வருகிறவர், கொடுக்கப்படும் காபியைக் குடிக்காமல் கீழே வைத்துவிடுவார். கேட்டதைத் தருவதாக வீட்டுக்காரர் வாக்களித்த பிறகே குடிப்பார். வாக்குக் கொடுக்காமல் காபியை ஆறவிட்டவர் வீட்டில் அப்புறம் யாரும் சம்பந்தம் பேச மாட்டார்கள்.

ஃபவ்வாஸ் என்ற இளைஞர் அப்படித்தான் ஒரு குலத்தலைவர் முன்னால் கோப்பையை வைத்து, தன் குதிரைகளுக்குக் கிணற்றுத் தண்ணீர் கேட்டார். கிடைத்தது. தெம்பான குதிரைகளில் ஏறி எல்லாக் குலங்களையும் வென்றார். தண்ணீர் கொடுத்த குலத்தையும் விட்டுவைக்கவில்லை. அதற்கு ஒற்றுமை என்று பெயரிட்டு மன்னரானார்.

பிறகு அந்தக் கிணற்றருகே எண்ணெய் கிடைத்தது. வெளிநாட்டுப் பொறியாளர்கள் வந்தார்கள், கிணற்றைச் சுற்றி வேலி வந்தது, ஒட்டகங்கள் தாகத்தில் செத்தன. மக்கள் அரண்மனைக்கு வந்து காபியைக் கீழே வைத்தார்கள். ஆறிய கோப்பைகளைப் பார்த்துப் பார்த்து மன்னருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அமைச்சர் முத்லக் ஒரு சட்டம் போட்டார். காபியை வாசலிலேயே குடித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். குடித்துவிட்டால் கோரிக்கை நிறைவேறியதாகத்தானே அர்த்தம்? நாட்டில் யாருக்கும் குறையில்லை என்று வானொலி அறிவித்தது. குடிக்க மறுப்பது ராஜதுரோகம் என்று அடுத்த சட்டமும் வந்தது.

அன்று தண்ணீர் கொடுத்த குலத்தலைவரின் மகள் ஷம்மா மட்டும் நிறைந்த கோப்பையோடு உள்ளே வந்துவிட்டாள். காவலர்களுக்கு அவளைத் தடுக்கக் கூச்சமாக இருந்தது.

"ஃபவ்வாஸ், எங்க அப்பா உன் காபிய ஆறவிடல. கிணத்தத் திறந்துவிடு. மிச்சம் இருக்கற ஒட்டகமாவது பிழைக்கட்டும்."

மன்னர் தேம்பி அழுதார். நல்ல மனிதர்தான், அழுகை அவருக்குச் சுலபமாக வரும்.

"இவங்க அப்பாவுக்கு இந்த நாடே கடமைப்பட்டிருக்கு. தலைநகர்ல அவர் பேர்ல நினைவுச்சின்னம் எழுப்புங்க. இவ மகனுக்கு அரசாங்க வேலை குடுங்க" என்றார்.

"தண்ணி?" என்றாள் ஷம்மா.

"அதுவும் வரும்மா" என்றார் முத்லக்.

வந்தது. குழாய் வழியாகத் தலைநகருக்கு வந்தது. சதுக்கத்தில் நிறுவிய பெரிய பளிங்குக் கோப்பையிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீர் ராப்பகலாகப் பொங்கி வழிந்தது. திறப்பு விழாவுக்குள் ஷம்மாவின் கடைசி ஒட்டகமும் செத்திருந்தது. வறண்ட தொண்டையோடு அவள் தண்ணீரில் கையை நீட்டினாள்.

புதுச் சீருடையில் நின்ற காவலன் அந்தக் கையைப் பிடித்தான். அவள் மகன் ராகான்.

"இது தாத்தா நினைவா ஓடுற தண்ணிம்மா. யாரும் குடிக்கக் கூடாது. அதப் பாத்துக்கத்தான் என்ன நிறுத்தியிருக்காங்க."

"தாகமா இருக்குடா."

"எனக்கும்தாம்மா" என்றான் அவன், பிடித்த கையை விடாமல்.