மாப்பிள்ளை அழைப்புக் காருக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்த விவரம்

தென்காசி
விகாரி வருஷம் ஆடி மாதம் 6ந் தேதி

சிவகிரி மகா-ள-ஸ்ரீ சம்பந்தியார் தாணுமாலயன் அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு, தென்காசி பெயிண்டுக் கடை மந்திரமூர்த்தி எழுதிக்கொள்வது. குற்றாலநாதர் கிருபையில் இங்கு நானும், சம்சாரம் குருவம்மாளும், மணப்பெண் உலகம்மாளும் க்ஷேமம். சாரலும் க்ஷேமம். க்ஷேமமில்லாதது அந்தக் கார் ஒன்றுதான்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "சிவப்புக் கார் வராவிட்டால் மாப்பிள்ளை அழைப்பு இல்லை, மாப்பிள்ளை அழைப்பு இல்லாவிட்டால் மேற்கொண்டு பேச்சும் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து குருவம்மாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் உமி மூட்டை சுமந்து முன்னுக்கு வந்தவன், சுற்றி வளைக்கத் தெரியாது. கார் இப்போது சிவப்பு இல்லை, மஞ்சள். ஏன் மஞ்சள் என்று கோபப்படாமல் கேட்க வேண்டும்.

மலை எஸ்டேட் துரை ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன ரெண்டு சீட்டுப் பந்தயக் கார், மூடி திறந்தால் மாப்பிள்ளை தலைப்பாகை கடைசி வீடு வரைக்கும் தெரியும் என்றுதான் சித்திரையில் வாங்கினேன். அப்போது அது கறுப்பு. கல்யாண வண்டி கறுப்பாக இருக்கலாமா? அந்த நேரம் தங்கள் முதல் கடிதம் வந்தது. மெட்ராஸில் மோட்டார் கம்பெனியில் இருக்கிற மாப்பிள்ளை ஞானசம்பந்தம் சீமைப் புஸ்தகம் பார்த்திருக்கிறார், உலகத்திலே பந்தயக் காருக்குச் சிவப்புதான் ஓடுகிற கலர் என்று எழுதினீர்கள். என் கடையில் சிவப்பு இரும்புக் கேட்டுக்கு ஓடும், பச்சை ஜன்னலுக்கு ஓடும், காருக்கு எது ஓடும் என்று நான் கண்டேனா? பெரியவர்கள் சொன்னால் சரி என்று கோயில் வாகனத்துக்கு வர்ணம் பூசுகிற பிச்சையாவைக் கூட்டிவந்து சிவப்படித்தேன். மேல் மூடி மட்டும் பழைய கறுப்புத் துணி. அது வார்டுத் தேர்தல் சமயம். கறுப்புக்குக் கீழே சிவப்பு! தேரடி தாண்டவில்லை, பின்னாலே நாற்பது பேர் கோஷம் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒருத்தன் மாலையே போட்டுவிட்டான். மறுநாள் கதர்ச் சட்டைக்காரர் கடைக்கு வந்து, "என்ன அண்ணாச்சி, கட்சி மாறிட்டீயளோ, சொல்லவே இல்ல" என்று வாங்க வந்த வெள்ளைப் பெயிண்டை வாங்காமலே போய்விட்டார். எல்லாக் கட்சிக்காரன் வீட்டுக்கும் சுவர் இருக்கிறது, நான் எல்லாருக்கும் பெயிண்ட் விற்க வேண்டியவன். சிவப்பு போயிற்று.

கடையநல்லூர் ஜவுளி மைதீன் என் சிநேகிதர். "பச்சைய அடிங்க அண்ணாச்சி, வெள்ளக்காரனே பந்தயத்துக்குப் பச்சையிலதான் வாரான்" என்றார். அடித்தோம். மழைக்குப் பிறகு நிற்கிற வயல் மாதிரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் அக்கா ஜாஹிரா பீவி, மகன் நிக்காஹ் ஊர்வலத்துக்கு ஒருநாள் கேட்டார்கள். சிநேகிதர் வீடாச்சே, கொடுத்தேன். பிறகு அவர்கள் சம்பந்தி, அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு. ஆனி முடிவதற்குள் ஏழு மாப்பிள்ளைகள் ஏறி இறங்கிவிட்டார்கள். ஊரில் பேர் சொன்னால் என் கடை தெரியாது, பச்சைக் கார் தெரிகிறது. எனக்கு உள்ளூர சந்தோஷந்தான், பொய் சொல்வானேன். குருவம்மாள் மட்டும் வாசலில் நின்று, "ஏழு மாப்பிள்ள உக்காந்த சீட்டுல எம் மருமகன உக்கார வைக்கப் போறீயளா? பந்தியில சாப்புட்ட எலைய வழிச்சுப் போட்டா புது எலையாயிருமா?" என்று கேட்டாள். சீட்டுக்குப் புது உறை தைத்தேன். அவளுக்கு அது பற்றவில்லை. கலரும் மாறணும் என்றாள்.

மஞ்சள் என்றால் யாரும் வாய் திறக்க முடியாது என்று தீர்மானித்தேன். மஞ்சள் மங்கலம், மஞ்சளுக்கு இங்கன கட்சியும் கிடையாது. "ஏலே பிச்சையா, ரெண்டு பூச்சு பூசிட்டு வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்க்கிறேன், வாசலில் முப்பது பொம்பிளைகள். சூடம் எரிகிறது. கார் மூக்கிலே குங்குமம், சக்கரத்தடியில் தேங்காய்ச் சில். முன் விளக்கு ரெண்டிலும் பெரிசு பெரிசாகக் கண் எழுதியிருக்கிறது! புருவம் வேறே. "என்னலே இது?" என்றால், "வாகனத்துக்கு வேல முடிஞ்சா கண்ணு தெறக்காம எப்படி அண்ணாச்சி விடுதது? கை தானா போயிட்டு" என்கிறான். ஒரு கிழவர் என்னைத் தள்ளி நிறுத்தி, "கண் தெறந்த வாகனத்துல சாமிதான் ஏறணும், உம்ம மருமகன் ஏறுனா வெளங்குமா?" என்று அதட்டுகிறார். என் கார், என் வாசல், எனக்கு அதட்டல்.

ஆகவே அண்ணாச்சி, தாங்கள் பெரிய மனசு பண்ண வேண்டும். கண்ணை நாளைக்கே டர்ப்பன்டைன் போட்டுத் துடைத்துவிடுகிறேன். மறுபடியும் சிவப்படிக்க மட்டும் சொல்லாதீர்கள். நாலு கலர் ஏறி ஏறிக் கதவு இப்போதே சாத்தமாட்டேன் என்கிறது. அஞ்சாவது பூசினால் மாப்பிள்ளை உள்ளே போகவும் வழி இருக்காது. கலரை வைத்து ஒரு கல்யாணம் நிற்கலாமா? உலகம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் வளைய வருகிறாள். பெற்றவனுக்கு அது பொறுக்கவில்லை. ஆவணி பத்தாம் தேதி முகூர்த்தத்துக்கு மஞ்சள் காரே சம்மதம் என்று ஒரு வரி எழுதிப் போடவும்.

வீட்டில் அக்காவுக்கு என் நமஸ்காரம். சிறியவர்களுக்கு ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்குத் தீர்க்காயுசும், கொஞ்சம் பொறுமையும் சித்திக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த
மந்திரமூர்த்தி

பின்குறிப்பு: மேலே கண்ட யாவும் ரத்து. கவரை ஒட்டப் போகும்போது, கூட்டத்துக்குப் பயந்து காரைத் தள்ளி வைத்திருந்த கொல்லையில் சரக் சரக்கென்று சத்தம். போய்ப் பார்த்தால் தங்கள் குமாரர்! சீசன் குளிக்க மெட்ராஸிலிருந்து வந்தவராம். அருவியில் குளித்த ஈரத் துண்டோடு, என் கடை உப்புத்தாளாலே மஞ்சளைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். "சிவப்பு நான் கேக்கவே இல்ல மாமா, அது எங்க அப்பாவுக்குப் பிடிச்ச கலரு. வெளிநாட்டுல பாரம் கொறையட்டும்னு பெயிண்டயே சுரண்டிட்டு வெறுந்தகடா பந்தயத்துக்கு விட்டதா சொல்லுதாங்க, வெள்ளி மாதிரி மின்னுமாம்" என்கிறார். காரின் அந்தப் பக்கம் இன்னொரு சரக் சரக். எட்டிப் பார்த்தால் உலகம்மாள். "ஏட்டி, தாலி கட்டுததுக்கு முன்னால பொண்ணும் மாப்பிள்ளையும் பாத்துக்கலாமா?" என்று கேட்டேன். "நாங்க எங்கப்பா பாத்தோம், காரத்தான பாக்கோம்" என்கிறாள். பத்து நாளாகப் பேசாத பிள்ளை. ஆகையால் சம்மதக் கடிதம் வேண்டாம், தாங்களே அடுத்த பஸ்ஸில் புறப்பட்டு வரவும். பழைய வேட்டியாகக் கட்டிக்கொண்டு வரவும். பின்பக்கம் சுரண்ட இன்னும் ஆள் இல்லை.