பானைக்குள் போன பிசாசு

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. என் இரண்டு கண்கள் மேல் சத்தியம். மிச்சமிருக்கும் நான்கு பற்கள் மேலும் சத்தியம்.

மூடிக்கிடந்த மெத்தைக் கடையில் ஒரு மகான் வந்து இறங்கினார். கொட்டாவி மகான் என்று பெயர். அவர் ஒரு கொட்டாவி விட்டால் முன்வரிசை முழுக்க விடும். அது பின்வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் வாசலில் படுத்திருக்கும் நாயும் விடும். அற்புதம்! யார் விட்டாலும் அப்படித்தான் ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லோர் வாயும் திறந்து கிடந்தால் யார் பேசுவது?

அடுத்த அற்புதம்தான் வியாபாரம். "டாக்டர் கொடுக்கிற தூக்க மாத்திரைக்குள்ள பிசாசு இருக்கு. அதை என் பானையில போடு. என் அருள்பொடியைக் குடி" என்றார். ஊரே வரிசையில் நின்றது. மாத்திரை பானைக்குள் போயிற்று, காணிக்கை உண்டியலுக்குள் போயிற்று, வெள்ளைப் பொடி பொட்டலமாக வெளியே வந்தது.

தூங்கினார்கள். எப்படித் தூங்கினார்கள்! தபால்காரர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே தூங்கிவிட்டார். திறக்க வந்த வீட்டுக்காரர் தாழ்ப்பாளைப் பிடித்தபடி தூங்கிவிட்டார். மூன்று நாள் கழித்துத்தான் கடிதம் கை மாறியது.

இதில் வசமாக மாட்டியவர் பஸ் டிரைவர். ஷிப்ட் மாறியதில் தூக்கம் கெட்டு, டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கியிருந்தார். அதையும் பானையில் போட்டார். ஒருநாள் காலை, ஆள் ஏறாத பஸ்ஸை ரவுண்டானாப் பூச்செடிகளுக்குள் ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு குறட்டை விட்டார். டிப்போ மேனேஜர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவரை பஸ் கழுவ அனுப்பினார். "மாசக் கடைசிக்குள்ள தெளியலைன்னா வேலை கிடையாது!"

டிரைவரின் தங்கைக்குச் சொந்தமாக மருந்துக்கடை. அவள் வந்து பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, டாக்டர் என்ன சொன்னாரு? பத்தே நாள். படுக்கப் போறப்ப ஒண்ணு. அதுவும் ஏழெட்டு மணி நேரம் தூங்க நேரம் இருந்தாத்தான். மது பக்கமே போகக் கூடாது. காலையில கிறுகிறுன்னா வண்டியைத் தொடக் கூடாது. இதுல பிசாசு எங்கேண்ணே வந்தது?"

"போடி, நீ மாத்திரை விக்கிறவ, அப்படித்தான் பேசுவே. நான் ராத்திரி ஒரு ஸ்பூன், காலையில ஒரு ஸ்பூன் அருள் சாப்பிடறேன்."

"அந்த அருளுக்கு அளவு?"

"அருளுக்கு ஏதுடி அளவு!"

"அதான்ணே பூச்செடிக்குள்ள போய்ப் படுத்தே."

வாதம் பலிக்கவில்லை. ஆனால் தூக்க மாத்திரையே வாங்காத, பிசாசு இல்லாத வீட்டுக்காரர்களுக்கு ஏக்கம். "எங்களுக்கும் ஒரு அட்டை மாத்திரை தாம்மா, பானையில போட" என்று அவள் கடைக்கே வந்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை தர மாட்டேன் என்றவள், மஞ்சள் நிறச் சத்து மாத்திரையை நீட்டினாள். சீட்டோடு வந்து நிஜ மாத்திரை வாங்கியவர்களிடம், "பிசாசு உங்க வீட்டுல இருக்கக் கூடாது, அவ்வளவுதானே? பேரு எழுதி என் டிராயர்ல பூட்டி வைக்கிறேன். பானையில இதைப் போடுங்க" என்றாள். போட்டார்கள். மகானுக்கு மாத்திரையைப் படிக்கும் வழக்கம் இல்லை. அரைக்கும் வழக்கம்தான்.

பானையில் பழைய சரக்கு குறையக் குறைய, பொடி மஞ்சளாகிக்கொண்டே வந்தது. "அருள் பழுக்குது!" என்றார் மகான். காணிக்கையும் பழுத்தது. ஊர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் விழித்தது. தபால்காரர் ஒரே நாளில் இரண்டு தெரு முடித்தார்.

மாதக் கடைசி. மெத்தைக் கடை நிரம்பி வழிந்தது. தங்கை எழுந்தாள்.

"இன்னிக்குக் காலையில ஒண்ணுக்கு பளிச்சுனு மஞ்சளாப் போனவங்க கையைத் தூக்குங்க."

எல்லோரும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். தனக்கு மட்டும்தான் ஏதோ வியாதி என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நடுங்கிக்கொண்டிருந்த ஊர் அது. கடைசியில் டிரைவர் மெதுவாகக் கை தூக்கினார்.

"எலுமிச்சம்பழம் மாதிரி, தங்கச்சி."

அவ்வளவுதான். கடை முழுக்கக் கைகள்.

"பாவம் கரையுது!" என்று மகான் கத்தினார்.

கூட்டத்தில் இருந்த டிப்போ மேனேஜர் ஓர் உறையைக் கிழித்தார். பதினைந்து நாள் முன்பே தங்கை ஒட்டி அவரிடம் கொடுத்தது. உரக்கப் படித்தார்: "பானையில் போடச் சொல்லி நான் கொடுப்பது சத்து மாத்திரை. பொடி குடிப்பவர்கள் மஞ்சளாகப் போவார்கள்."

"இந்தச் சத்து மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் போகும்" என்றாள் அவள். "பானைக்குள்ள போனது உங்க வயித்துக்குள்ள எப்படி வந்தது?"

டிரைவர் ஒரே தாவலில் மேடைத் திரையை இழுத்தார். பின்னால் ஒரு மிக்சி. பக்கத்தில் காலி அட்டைகள், ஆள் உயரத்துக்கு.

தபால்காரர் துள்ளினார். "என் பிசாசையே அரைச்சு எனக்கே குடுத்தியாய்யா!"

மகான் போலீஸ் வேனில் ஏறினார். பொடி குடித்த ஒருவரையும் விடாமல் டாக்டர் பரிசோதித்தார். மறுபடி எழுதித் தந்த மாத்திரையை டிரைவர் சொன்னபடி போட்டு, ஆறாம் நாளே மாத்திரை இல்லாமல் தூங்கினார். மேனேஜர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் அன்றைக்கு மெத்தைக் கடையில் இன்னொரு கூத்தும் நடந்தது. நடக்கப்போவதை முன்கூட்டியே எழுதிவைத்தவள் அல்லவா! கூட்டம் மொத்தமும் தங்கையின் காலில் விழுந்தது. "தாயே, நீங்கதான் நிஜமான மகான்!"

"எழுந்திருங்கய்யா!" என்று அவள் போட்ட சத்தத்தில் மிக்சி மூடி உருண்டது. "நானே ஒரு பொட்டலம் நீட்டினாலும் உள்ளே என்னன்னு கேளுங்க. மாத்திரைன்னா எத்தனை நாள், எத்தனை வேளைன்னு நூறு கேள்வி கேக்கிற வாய், பொடியைக் கண்டா மட்டும் ஏன் மூடிக்குது? தலையணையில வைக்கறதுக்கு மட்டுமா தலை?"

இத்தனையும் எங்கள் ஊரில் நடந்ததுதான். எங்கள் ஊருக்கு இன்றுவரை பஸ் வந்ததில்லை.